லெம்பி கோர்ப்பியின் ஒன்பது நாள்

"ஆடாம நில்லு. நீ வால ஆட்டுனா உனக்குத்தான் நேரமாகும், எனக்கென்ன?"

நாயைத் திட்டிக்கொண்டே அதன் வாலுக்கு ஆரஞ்சு நிறம் ஏற்றுவாள் லெம்பி கோர்ப்பி. கையில், செம்மறியாட்டுக்கு அடையாளம் போடுகிற மெழுகுக் கட்டி. நாயின் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். வால் கேட்காது. வேலை முடியும்போது பாதி நிறம் வாலிலும் மீதி நிறம் லெம்பியின் கன்னத்திலும் இருக்கும். அதைத் துடைக்கக்கூட மாட்டாள். ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அப்படியே வண்டியில் ஏறிவிடுவாள். நாய்க்கு முன் இருக்கை. எனக்கு இடம் பின்னால், சக்கரத்துக்கு மாட்டுகிற பனிச் சங்கிலிகளுக்கு நடுவே.

அமெரிக்காவில், விஸ்கான்சினின் வடகோடியில் இருக்கிற எங்கள் ஊரில் "ஒன்பது நாள்" என்று சொன்னால் எந்த ஒன்பது நாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நவம்பர் மாதத்து மான் வேட்டைதான். சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் தொடங்கி அடுத்த ஞாயிறு பொழுது சாய்வதோடு முடியும். அதுவரை தேவாலயத்தில் ஆண்குரல் கேட்காது. பல் வலித்தால் பொறுத்துக்கொள்ளவேண்டியதுதான், பல் டாக்டர் துப்பாக்கியோடு மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருடம் அங்கே மருந்துக்கடையில் இருந்தேன். அந்த வாரம் ஜலதோஷ மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் தவிர வேறெதுவும் விற்றதில்லை.

லெம்பியைப்போல நாயோடு கௌதாரி வேட்டைக்குப் போகிறவர்கள் அந்த ஒன்பது நாளும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் இருப்பார்கள். புத்தியுள்ள காரியம். லெம்பிக்கும் அந்தப் புத்தி இல்லாமல் இல்லை, மனசுதான் வரவில்லை. "இன்னும் ரெண்டு வாரத்துல பனி இடுப்பு வரைக்கும் வந்துடும். அப்புறம் இது சோபாவுல படுத்துக் குறட்டை விடும். பக்கத்துல நானும் விடுவேன். இருக்குற நாலு நாள ஏன் விடணும்?" என்பாள்.

அவள் நாய் பில்கு, செட்டர் ஜாதி, பறவையை மோப்பம் பிடித்துக் காட்டுகிற வேட்டை நாய். பில்கு என்றால் அவர்களுடைய பின்னிஷ் மொழியில் புள்ளி. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வாலில் விசிறிபோலத் தொங்கும் வெள்ளை மயிர். ஆபத்து அந்த வாலில்தான். எங்கள் காட்டு மான் மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதன் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒன்பது நாளில் புதருக்குள் வெள்ளையாக எது அசைந்தாலும் பதற்றக்காரனுக்கு அது மான்தான். அதனால் அந்த வாரம் எல்லோரும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில்தான் உடுத்துவார்கள், யாரும் வெள்ளைக் கைக்குட்டையோடு காட்டுக்குள் போவதில்லை. லெம்பி எனக்குச் சோதனையே போடுவாள்.

"பாக்கெட்டக் காட்டு. இது என்ன, வெள்ளைக் காகிதம்?"

"மூக்கு ஒழுகுது, லெம்பி."

"ஒழுகட்டும். மூக்கு ஒழுகி இந்தக் காட்டுல யாரும் செத்ததில்ல."

ஒரு வருடம் அந்த மெழுகுக் கட்டி கிடைக்கவில்லை. பெரிய யோசனைக்காரி மாதிரி நான் என் தலைக்குப் போடுகிற மருதாணிப் பொடியைக் குழைத்துக் கொடுத்தேன். கழுவியபோது என்ன நிறம்! எரிகிற ஆரஞ்சு. லெம்பி என்னைக் கட்டிக்கொண்டாள். மருதாணி நாளாக ஆக ஊறிக் கறுக்கும் என்பது என் ஆத்தா காலத்திலிருந்து தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோனது. மூன்றாம் நாள் வால் அச்சு அசல் மான் நிறத்துக்கு வந்துவிட்டது. "வால மட்டும்தான் பூசச் சொன்னேன். நீ என் நாய மானாவே ஆக்கிட்ட!" என்று கடைக்குள் வந்து, ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே கத்தினாள். பில்கு அந்த வருடத்து ஒன்பது நாளும் சோபாவில்தான் கிடந்தது. அடுத்த வருடம்வரை நான் மருந்துக்கடைக்காரி இல்லை, "மான் கடைக்காரி".

முப்பத்தொரு வருடம் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காட்டுச் சாலையோரம் இருக்கிற பதினோரு வேட்டைக் குடில்களிலும் இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்தான். குடிலைக் கேம்ப் என்றுதான் சொல்வார்கள். வேட்டை தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, கேம்ப் கேம்பாக லெம்பி போவாள். ஏலக்காய் ரொட்டியைக் கொடுப்பாள். பில்குவுக்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டி, கழுத்தில் மணி கட்டி, ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோய் நிறுத்துவாள். "நல்லாப் பாத்துக்க. இந்த மணிச் சத்தத்த நல்லாக் கேட்டுக்க. இது மான் இல்ல." ஐம்பது வயது ஆள், தாடியும் தொப்பையுமாக, "பாத்துக்கிட்டேன் மிஸஸ் கோர்ப்பி" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

பிறகு வரைபடத்தை விரிப்பாள். யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்று ஒவ்வொருவரும் காட்டவேண்டும். பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வாள். முதல் சனி, ஞாயிறு அவள் காட்டில் கால் வைப்பதில்லை. திங்களிலிருந்து வெள்ளிவரை, காலை பத்தரைக்கு மேல், எல்லோரும் சூப் குடிக்கக் குடிலுக்குத் திரும்புகிற அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான். நடக்கும்போது தொண்டை கிழியத் தேவாலயப் பாட்டுகள் பாடுவாள். அவளுக்கு ராகம் ஆகாது.

"நீங்க பாடினா மான் எல்லாம் ஓடிடுது, மிஸஸ் கோர்ப்பி" என்றான் ஒருவன்.

"ஓடுற மான் உன் பக்கம்தானடா ஓடும்? நன்றி சொல்லிட்டு உக்காரு."

இவ்வளவு ஏற்பாடும் வருடத்துக்கு இரண்டு மூன்று பறவைக்குத்தான். லெம்பிக்குக் குறி சரியாக வராது. பில்கு ஒரு காலைத் தூக்கிச் சிலைபோல நிற்கும். காலடியிலிருந்து கௌதாரி படபடவென்று வெடித்துக் கிளம்பும். துப்பாக்கி தோளுக்கு வருவதற்குள் பறவை போயே போய்விடும். "சரி, போயிட்டு வா" என்று அதற்கு விடைகொடுப்பாள். நாய் திரும்பி அவளை ஒரு பார்வை பார்க்கும்.

இப்போது நான் இருப்பது சென்னையில். இங்கே நவம்பர் என்றால் மழை. ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் அந்த மணிச் சத்தமும், உதிர்ந்த ஆஸ்பென் இலைகளின் ஈர வாசனையும், வண்டிக்குள் ஏலக்காயும் நாயுமாகக் கலந்து அடித்த நெடியும் நினைவுக்கு வரும். அந்த வெள்ளிக்கிழமைகளைப்போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

அந்தப் பதினோரு கேம்பில் பத்துக்குத்தான் அவள் போவாள். ஓடைக்கு அப்பால் இருந்த பதினோராவது, லியோ மஜெவ்ஸ்கியுடையது. இளம் ஆஸ்பென் மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்த இடம் அது. அந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல கௌதாரிக் காடு இல்லை. ஓடை வந்ததும் லெம்பி வண்டியைத் திருப்பிவிடுவாள்.

நான் அந்த ஊருக்குப் போன இரண்டாம் வருடம் நடந்தது அது. அப்போது லெம்பியிடம் ஹல்லா என்று ஒரு செட்டர் இருந்தது, முழு வெள்ளை. நாய்க்குச் சட்டை போடும் வழக்கமெல்லாம் அன்றைக்கு இல்லை. ஒன்பது நாளின் நடுவே ஒரு சாயங்காலம், ஓடைப் புதரில் அசைந்த வெள்ளை வாலை மான் என்று நினைத்து லியோ சுட்டுவிட்டார். கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, ஹல்லாவின் உடம்பைத் தன் கோட்டில் சுற்றி, ஒன்றரை மைல் தூக்கிக்கொண்டு வந்து லெம்பியின் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் அவர் பெயரை அவள் சொன்னதுமில்லை, அவள் முன்னால் யாரும் சொல்லத் துணிந்ததுமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அவரைக் குருட்டு லியோ என்று கேலி செய்த எங்கள் ஊர், அவள் எதிரில் மட்டும் தானாகவே வாயை மூடிக்கொண்டது.

நான் ஊரைவிட்டு வருவதற்கு முந்தின வருடம் பில்குவுக்குப் பதினொரு வயது. காது சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது. லெம்பி விசில் ஊதினாலும் கத்தினாலும் அதற்கு ஒன்றுதான். அக்டோபரில் இரண்டு தடவை மோப்பம் பிடித்துக்கொண்டே ஓடையைத் தாண்டி லியோவின் பக்கம் போய்விட்டது. ஒன்பது நாளில் அப்படிப் போனால்?

"வீட்டுல விட்டுடேன், லெம்பி."

"இதுதான் அதுக்குக் கடைசி சீசன். அதுக்கும் தெரியும். காலைல என் பூட்ஸ் மேல தலைய வச்சுப் படுத்துக்குது." பில்குவின் காதைத் தடவிக்கொடுத்தாள். "ஓடைக்கு அந்தப் பக்கமும் போய்ச் சொல்லித்தான் ஆகணும்."

அந்த வெள்ளிக்கிழமை பத்தாவது கேம்பை விட்டுக் கிளம்பியபோது மதியம் இரண்டு மணி. ஓடைப் பாலத்தில் வண்டி நின்றது. பிறகு லெம்பி பாலத்தைத் தாண்டினாள்.

பில்குவைக் கயிற்றில் பிடித்து அவள் இறக்கும்போதே, சத்தம் கேட்டு லியோ வெளியே வந்தார். எழுபத்தைந்து வயது, இடுப்பில் சமையல் துண்டு. முதலில் நாயைப் பார்த்தார், அப்புறம்தான் லெம்பியை. படியிலேயே நின்றுவிட்டார்.

"லெம்பி."

"லியோ. இதுக்குக் காது கேக்காது. உன் பக்கம் வந்தாலும் வந்துடும். யாரு எங்க உக்காருறீங்கன்னு சொல்லு." வண்டியின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தாள்.

லியோ படி இறங்கி வந்தார். "பெரியவன் மேட்டுல. சின்னவன் இங்க, விழுந்து கிடக்குற பைன் மரத்துக்கிட்ட."

இரண்டு புள்ளி வைத்தாள். "நீ?"

"அடுப்புகிட்ட."

"வெளையாடாத, லியோ. நீ எங்க உக்காருவ?"

"அடுப்புகிட்டதான். அன்னைக்கப்புறம் நான் துப்பாக்கியத் தொடல. பசங்களுக்குச் சமைச்சுப் போடத்தான் வர்றேன்."

லெம்பி என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரியும், பத்துக் கேம்புக்கும் தெரியும், கிழட்டுப் பாதிரியாருக்கும் தெரியும். கையில் துப்பாக்கியே இல்லாத ஒரு மனிதருக்காக அவள் பத்தொன்பது வருடம் பாலத்தோடு திரும்பிப்போனதை வண்டியின் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவள் மனம் புண்படும் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு அவளிடம் பயம். வெட்கத்தில் தரையைப் பார்த்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. பென்சிலை வரைபடத்தின் மேல் வைத்தாள்.

"அன்னைக்கு ஹல்லா கழுத்துல மணி இல்ல, லியோ. சத்தம் கேட்டு கௌதாரி முன்னாடியே எந்திரிச்சு ஓடுதுன்னு நான்தான் கழட்டிப் பாக்கெட்டுல போட்டேன். மணி இருந்திருந்தா நீ சுட்டிருக்க மாட்ட. யாருகிட்டயும் நான் சொல்லல."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"ஒன்றரை மைல் தூக்கிட்டு வந்தேன். மணி இருந்தா வழியெல்லாம் கேட்டிருக்குமே."

"ஊர்ல சொல்லியிருக்கலாமே. உன்னையக் குருட்டு லியோன்னு கூப்பிட்டானுங்களே எல்லாரும். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மனுஷா!"

"சொல்லி? மணி இல்லாட்டியும் நான் பாத்துட்டுல்ல சுட்டிருக்கணும்." அவர் குனிந்து பில்குவிடம் புறங்கையை நீட்டினார். அது மோந்தது. நிமிரும்போது முழங்கால் வலித்திருக்கவேண்டும், முகத்தைச் சுளித்தார். "உன் நாயப்பத்தி எவன்கிட்டயும் பேச எனக்கு வாய் வரல, லெம்பி."

திறந்திருந்த கதவு வழியாக முட்டைக்கோஸும் இறைச்சியும் கருகுகிற வாசனை வந்தது.

"அடி பிடிக்குது" என்றாள் லெம்பி.

நாய்க் கயிற்றை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு படியேறி உள்ளே போனாள். லியோ அசையாமல் நின்றார், பில்கு அவர் பூட்ஸில் சாய்ந்துகொண்டது. உள்ளே அவள் தீயைக் குறைத்து, கரண்டியை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டியைக் கிளற ஆரம்பித்தாள். நாய் என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.