ஃப்யூஸைப் பார்த்த பரிதா

முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். பன்னிரண்டைப் பத்தால் பெருக்கிப் பார்க்காமல் ஒரே மாதத்தில் என் காரில் நான்கு ட்வீட்டர் ஸ்பீக்கர்களைக் கருக்கினேன். பரிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மானத்தைக் கப்பலேற்றித்தான் ஆக வேண்டும்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் பக்தவச்சலத்தின் கார் ஆக்சஸரீஸ் கடை. அங்கே ஏழு வருடமாக சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தார் பரிதா. பல்லாவரத்துக்காரர். அப்பாவுக்குத் தோல் வேலை என்பதால் தையல் சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. ஆனால் படித்தது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ். அந்த டிப்ளமாவை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் அவர் ஏறி இறங்காத ஆடியோ கடை இல்லை. "லேடீஸ் ஃபிட்டிங் பண்ணா கஸ்டமர் ஒத்துக்க மாட்டான்மா" என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. அந்தக் கஸ்டமர் யாரென்று எவரும் காட்டியதில்லை. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைசியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கதவின் உள்பக்கத்துக்கும் தோல் போடுவார்கள் என்பதால் தினமும் அதைக் கழற்றுகிற வேலை உண்டு. கழற்றும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரையும் வயரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

நான் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவன். ரிகர்சலில் பதிவு செய்ததைக் காரில் கேட்பதற்காக நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர் வாங்கினேன். கதவில் கனத்த குரலுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், மேலே மெல்லிய குரலுக்கு ட்வீட்டர் என்று ஒரு குட்டி ஸ்பீக்கர். இப்படி இரண்டு பக்கமும். இதை ஓட்ட ஆம்ப்ளிஃபயர் வேண்டுமே? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒன்று கிடைத்தது. மேலே கொட்டை எழுத்தில் இரண்டாயிரம் வாட்ஸ் என்று ஸ்டிக்கர். பேரம் பேசி ஜெயித்த திமிரோடு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடையின் ஃபிட்டர் குமரவேல் மாட்டிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் இரண்டு ட்வீட்டர்களும் ஊமையாகிவிட்டன. புதிதாக ஒரு ஜோடி மாட்டினோம். அதுவும் போய்ச் சேர்ந்தது.

"இன்னா சார், ரெண்டாயிரம் வாட்ஸ் கீது. ஸ்பீக்கர் தாங்குமா? சின்ன ஆம்ப் ஒண்ணு போட்டுக்கலாம்" என்றார் குமரவேல். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பக்கத்துக் காரில் கதவைக் கழற்றிக்கொண்டிருந்த பரிதா எழுந்து வந்தார். "அண்ணா, இது பெருசே இல்ல. ரொம்பச் சின்னது. அதனாலதான் கருகுது."

குமரவேல் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பரிதா ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டிலிருந்து ஃப்யூஸைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "ஸ்டிக்கரை விடுங்க சார், இதைப் பாருங்க. பத்து ஆம்பியர். கார் பேட்டரி பன்னெண்டு வோல்ட். பெருக்குங்க."

"நூத்தி இருபது."

"உள்ள போறதே அவ்ளோதான். அதுல பாதி சூடாவே போயிடும். மிச்சம் அறுபது. பக்கத்துக்கு முப்பது வாட்ஸ். உங்க ஸ்பீக்கருக்கு எழுபத்தஞ்சு வேணும். சத்தம் பத்தலைன்னு, ஆம்ப்ல சத்தத்தைக் கூட்டுற இந்தக் கெயின் ஸ்க்ரூவை முழுசாத் திருகி வெச்சிருக்கீங்க. ஆம்ப் முடியாமக் கத்துது. அந்தக் கரகரப்புதான் ட்வீட்டரைச் சுடுது."

எட்டாம் வகுப்புக் கணக்கு. என் முகத்தில் ஈயாடவில்லை.

கல்லாவிலிருந்து பக்தவச்சலம் குரல் கொடுத்தார். "உனக்கு எதுக்கும்மா இந்த பேஜார்?"

"சார், இதை நான் மாட்டுறேன்."

அவர் பில் புத்தகத்தை மூடிவைத்தார். "சரி, மாட்டு. ஆனா இந்தத் தடவையும் ட்வீட்டர் போச்சுன்னா இனிமே வயர் பக்கமே வரக் கூடாது. தையலோட நிக்கணும்."

"சரி சார்" என்றார் பரிதா. ஏழு வருடக் காத்திருப்பை ஒரு ஜோடி ட்வீட்டரில் பணயம் வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் புது ட்வீட்டர் ஜோடியோடு காரைக் கொண்டுபோய் விட்டேன். அவர் தேர்ந்தெடுத்த ஆம்ப்ளிஃபயரில் வாட்ஸ் என்று எந்தப் பெருமையும் எழுதியிருக்கவில்லை. ஃப்யூஸ் மட்டும் முப்பது ஆம்பியர். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்தார். எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைப் பளபளக்க வைத்தார். பிறகு ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, போனிலிருந்து ஒரே சீரான ஒரு விசில் சத்தத்தை ஓடவிட்டார். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் வயர் மாட்டுகிற வாயில் மல்டிமீட்டரை வைத்தார்.

"எழுபத்தஞ்சை ஸ்பீக்கரோட நாலு ஓமால பெருக்கி, வர்க்கமூலம் எடுங்க சார்."

"பதினேழு புள்ளி மூணு."

ஸ்க்ரூடிரைவரால் கெயினை மெல்லத் திருகினார். மீட்டர் பதினேழு வோல்ட்டைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"பாதி கூடத் திருகலியே. இதுல இன்னாத்த சத்தம் வரும்?" என்றார் குமரவேல்.

பரிதா ஸ்பீக்கர் வயர்களை மாட்டி, அதே முக்கால் வால்யூமில் எங்கள் குழுவின் பாட்டைப் போட்டார். "ஒரு மணி நேரம் ஓடட்டும்."

அப்பா! சத்தமா அது! நான்கு குரல்களும் தனித்தனியாக எழுந்து வந்தன. நான் சுருதி விலகியது கூடத் துல்லியமாகக் கேட்டது. கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் சட்டென்று எல்லாம் அடங்கியது. "போச்சு!" என்றார் குமரவேல். பரிதாவின் முகம் வெளுத்துவிட்டது. நாற்பது நிமிட ரிகர்சல் பதிவு முடிந்து அடுத்த பதிவு தொடங்க நான்கு விநாடி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நான்கு விநாடியை நான் பார்த்ததில்லை.

அடுத்த பாட்டு கணீரென்று எழுந்தது. ஒரு மணி நேரம் முடிந்ததும் குனிந்து ட்வீட்டரில் காதை வைத்தேன். புத்தம் புதிதாகப் பாடிக்கொண்டிருந்தது. வயதை மறந்து கைதட்டினேன்.

குமரவேல் மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இத நீ எங்க வெச்சேன்னு எனக்கும் ஒரு தபா காட்டும்மா" என்றார். நல்ல மனுஷர்.

பக்தவச்சலம் கல்லாவைவிட்டு இறங்கி வந்தார். "சரிம்மா, அப்பப்போ குமரவேலுக்கு ஒத்தாசை பண்ணு."

"ஒத்தாசை இல்ல சார்" என்றார் பரிதா. "நான் ஃபிட்டர். சீட் கவருக்கு வேற ஆள் பாருங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இளைஞர், "ஆம்ப் மாட்டணும், ஃபிட்டர் யாருங்க?" என்றார்.

"நான்தான்" என்றார் பரிதா.

பக்தவச்சலம் அந்த இளைஞரிடமிருந்து கார் சாவியை வாங்கினார். நேராகக் கொண்டுவந்து பரிதாவின் கையில் கொடுத்தார்.