இடது பக்கம் குளிர், வலது பக்கம் லேசர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். ஐம்பத்தோரு வயதில், இடுப்பின் இடது பக்கக் கொழுப்பைக் குளிர வைத்தும் வலது பக்கக் கொழுப்பை லேசரால் சூடாக்கியும் குறைத்துக்கொண்ட ஒரே காவடிக்காரன் நான்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், சங்கம் வைத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் இரும்புப் பட்டை.

என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். அவள் நல்லபடியாக வெளியே வந்தால், பத்தாங் காலிப் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டின் முருகனுக்கு ஐந்து பங்குனி உத்திரம் காவடி எடுப்பதாக. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் வீட்டுக்கு வந்த மறுவாரம் கோயிலில், சுற்றிலும் நாலு பேர் நிற்கிறார்கள் என்ற உற்சாகத்தில், "அஞ்சு வருசமும் ஒரே காவடிதான், ஒரு ஆணிகூட மாத்த மாட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லச் சொல்லிப் பூசாரி கேட்கவில்லை. முருகனும் கேட்டிருக்க மாட்டார். என் வாய்தான் தானாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது.

காவடியைச் செய்து தந்தவன் என் மனைவியின் தம்பி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். தோளில் உட்காரும் சட்டம், மேலே மயிலிறகு, மணிகள், மொத்தப் பாரத்தையும் தாங்க இடுப்பில் ஓர் இரும்புப் பட்டை. அலகு குத்திக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. ஊசி போட வந்த நர்ஸிடமே பேரம் பேசுகிறவன் நான். பட்டையில் ஆறு துளைகள். முதல் வருடம் மூன்றாவது துளையில் பூட்டினோம். நான்காவது வருடம் கடைசித் துளையில், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. ஐந்தாவது காவடிக்கு முன், தீபாவளி முடிந்த வாரம் போட்டுப் பார்த்தபோது இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டனவே தவிர, சேரவில்லை.

"குடுங்க மாமா, ரெண்டு இஞ்சி இரும்பு வச்சு ஒட்டித் தரேன். பத்து நிமிச வேலைலா," என்றான் மச்சான்.

"ஒரு ஆணிகூட மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்டா."

"அப்ப ஆணிய விடுங்க. வயித்த மாத்துங்க."

அவன் கேலியாகச் சொன்னதை நான் தீர்மானமாக எடுத்துக்கொண்டேன். நடக்க ஆரம்பித்தேன். எட்டு நாள் தவறாமல் நடந்தேன். சுங்கை சோவில் எங்கள் வீட்டிலிருந்து, பரோட்டா மாதிரி வீசிச் சுட்டுப் போடும் ரொட்டி சானாய் கடை சரியாக ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது என் குற்றமா? ஒன்பதாவது நாள், அந்தக் கடையில் உட்கார்ந்து தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் விளம்பரம் வந்தது. கத்தி இல்லை, ஊசி இல்லை, கொழுப்பை உறைய வைத்துக் குறைக்கலாம். ஊசி இல்லை என்ற இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

விளம்பரக்காரர்களிடம் போகாமல் ராவாங்கில் ஒரு தோல் நிபுணரிடம் போனது மட்டும் நான் செய்த புத்திசாலித்தனம். கலும்பாங்கில் வளர்ந்த இளம் பெண் டாக்டர். என் இடுப்புச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"அங்கிள், இது வெயிட் குறைக்கிற வைத்தியம் இல்ல. தோலுக்குக் கீழ, பிடிச்சா கைக்கு வருதே, அந்தக் கொழுப்பு மட்டும்தான் குறையும். உள்ளுக்குள்ள இருக்கிற தொப்பைக்கு என்கிட்ட மெஷின் கிடையாது."

எனக்கு இரண்டும் இருந்தன. இடுப்பில் இருந்தது கைக்கு வந்தது.

குளிரில் செத்த கொழுப்பை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும், இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு நன்றாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது, மிக அபூர்வமாக ஒருவருக்கு அந்த இடம் வீங்கியும் போகலாம் என்றார். லேசரும் அப்படித்தான், உறைய வைப்பதற்குப் பதில் சூடாக்குகிறது, தோல் வெந்துவிடாமல் மேலே குளிர்த் தட்டு இருக்கும்.

"ரெண்டுல எது நல்லா வேலை செய்யும் டாக்டர்?"

"ஆளுக்கு ஆள் மாறும் அங்கிள்."

இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதகன். புது அச்சு இரண்டு வந்தால், எது நல்லது என்று யாரிடமும் கேட்க மாட்டோம். ஒரே நாளில் இரண்டையும் ஓட்டி, அளந்து பார்ப்போம். அதையே சொன்னேன். இடது பக்கம் குளிர், வலது பக்கம் லேசர், ஒப்பிட்டுப் பார்க்கத் தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் இடத்தை யாரும் தொடக் கூடாது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணேதான் செய்வோம். கோணலா வந்துட்டா?"

"ஏற்கெனவே கோணல்தான் டாக்டர். வீட்ல கேளுங்க."

எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டார். ஒரு பெல்ட் போட வேண்டியிருக்கிறது என்றேன். கால்சட்டை பெல்ட் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

குளிர் மெஷினுக்கு ஒரு வாய் இருக்கிறது. அது சதையை உள்ளே இழுத்துக் கவ்விக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் குத்தியது, பிறகு அந்த இடம் என்னுடையதே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. கழற்றியபோது உள்ளே இருந்து வந்தது ஐஸ் பெட்டியில் மறந்து போன மார்ஜரின் கட்டி. அதை டாக்டர் பிசைந்தார் பாருங்கள், அப்போதுதான் ஊசியே தேவலை என்று தோன்றியது. வலது பக்கம் லேசர் மரியாதைக்காரன். கொஞ்சம் சுட்டது, கொஞ்சம் குளிர்ந்தது, மறுபடி சுட்டது. நான் தூங்கியேவிட்டேன்.

தொழிற்சாலையிலிருந்து சதையின் கனம் அளக்க வெர்னியர் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிறு காலை, குளிப்பதற்கு முன், மூன்று இடத்திலும் மார்க்கர் புள்ளி வைத்து மனைவி கிள்ளி அளப்பாள். நாட்காட்டியில் எழுதுவாள்.

"மூச்ச விடுங்க."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"இழுத்துப் புடிச்சிருக்கீங்க. கழுத்து நரம்பு தெரியுது."

முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மாதம் அளவு அசைந்தது. தைப்பூசம் முடிந்த மறுவாரம் இரண்டாவது தடவை போய் வந்தேன். அன்றே நாற்பத்தெட்டு நாள் விரதத்தையும் தொடங்கினேன். இறைச்சி இல்லை, பீர் இல்லை, இரவில் சோறும் இல்லை. இந்த முறை ரொட்டி சானாய் கடை வழியாக நடக்கவில்லை, எதிர்த் திசையில் நடந்தேன். உத்திரத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அளந்தபோது இடது பக்கம் நன்றாகவே குறைந்திருந்தது. வலது பக்கம் குறைந்தது அதைவிடக் கொஞ்சம் கம்மி. வீட்டுக்குள் வெற்றி ஊர்வலம் போனேன்.

மனைவி நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுலயும் கொறஞ்சிருக்கே. அங்க எந்த மெஷின் வச்சாங்க?"

ஊர்வலம் சமையலறை வாசலில் நின்றுவிட்டது.

டாக்டரிடம் நாட்காட்டித் தாளைக் காட்டினேன். "நடுவுல கொறஞ்சது உங்க விரதம். அத கழிச்சிட்டா மிச்சம்தான் மெஷின் செஞ்சது," என்றார். கழித்துப் பார்த்தோம். இடது பக்கம் மிஞ்சியது ஒரு மாரி பிஸ்கட்டின் கனம். வலது பக்கம் அதில் பாதி. என் ஒரு வயிற்றை வைத்து இது வேலை செய்யும், அது செய்யாது என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு எச்சரித்தார்.

"இடது பக்கம் உணர்ச்சி இன்னும் வரல. சிலருக்கு ரெண்டு மாசம்கூட ஆகும். அதுவரைக்கும் அங்க இறுக்கமா எதுவும் கட்டாதீங்க. காயமானாலும் உங்களுக்குத் தெரியாது."

தலையாட்டினேன். என் தலை நன்றாக ஆடும், அதில் குறையே இல்லை.

அன்று மாலை பட்டை பூட்டியது. கடைசித் துளையில், மூச்சு விட்டுக்கொண்டே. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பிஸ்கட்டுதான்.

உத்திரத்தன்று ஆற்றங்கரையில் காவடியை ஏற்றினார்கள். அங்கிருந்து கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர். முதலில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே செம்மண் பாதை, கடைசியில் நிழலே இல்லாத தார் ரோடு. மனைவி குடத்தோடு பக்கத்திலேயே வந்து காலில் தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தாரில் ஊற்றிய தண்ணீர் என் அடுத்த அடிக்குள் காய்ந்தது. உள்ளங்கால் கொப்பளிப்பது தெரிந்தது. வலது இடுப்பில் பட்டை கடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டேன். இடது இடுப்பில் ஒன்றுமே இல்லை. பூவைச் சுமப்பதுபோல் இருந்தது.

"இடது பக்கம் வலியே தெரியலடா," என்றேன் மச்சானிடம். "முருகன் தாங்குறார்."

அந்த நிமிடம் நான் அதை நம்பினேன் என்பதுதான் வேடிக்கை. தார் ரோட்டில் நடந்து பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள். மச்சான் முன்னால் போனவர்களிடம் சொல்லிவிட்டான். நான் கோயில் வாசலை அடைவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஓர் அம்மா கண்கலங்கி நெற்றியை நீட்டினார். என் கையால் திருநீறு பூசிவிட்டேன். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். அவர்களுக்கும் பூசினேன்.

காவடியை இறக்கிப் பட்டையைக் கழற்றியபோது இடது பக்கம் மஞ்சள் வேட்டி சிவப்பாக இருந்தது. பட்டையின் ஓரம் விரல் நீளத்துக்குத் தோலைக் கிழித்திருந்தது. மச்சான் "முருகா" என்றான். மனைவி குடத்தில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் காயத்தில் ஊற்றினாள். அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் டாக்டரின் குரல் திரும்பி வந்தது.

மறுநாள் காயத்தோடு பட்டையையும் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான் பெல்ட்டா அங்கிள்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காயத்தைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, தினமும் மாற்றச் சொல்லி அனுப்பினார்.

காயம் பெரிதில்லை. மனத்தில்தான் உறுத்தியது. ஐந்தாவது காவடி, கடைசிக் காவடி, அதில் பாதி வலியை ஒரு மெஷின் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது. அதை அருள் என்று சொல்லி நாலு நெற்றியில் திருநீறும் பூசிவிட்டேன். முருகனிடம் கொண்டு போய்க் கொடுத்தது முழுக் காவடியா, தள்ளுபடிக் காவடியா? எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு வாளி வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்று நாள் யோசித்து முடிவுக்கு வந்தேன். ஆறாவது வருடமும் எடுப்பது. மெஷின் கிடையாது, நடைதான், எதிர்த் திசையில்.

மனைவி கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன். "இடுப்பு மரத்துப் போயிருந்துச்சு. எனக்கு வலிக்கவே இல்ல. இந்தக் காவடி சேராது. அடுத்த வருசமும் எடுத்தாத்தான் வேண்டுதல் முடியும்."

அவள் கடைசிப் பிளாஸ்திரியை ஒட்டினாள். பிறகு என் பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொப்பளத்துக்கு மருந்து தடவினாள். நான் காலை உதறினேன்.

"நடந்தது காலுதானே, அது மரத்துப் போகலயே."