ஓடைச் சத்தம் கேட்டு ஷட்டர் திறந்தவர்

சீசன் தொடங்கி நான்காவது நாள். திருப்பூரிலிருந்து வந்திருந்த விருந்தாளிகள் காலை ஏழு மணிக்கே துண்டும் சோப்புமாக என் வாசலில் நின்று, "அக்கா, ஓடையில குளிக்கலாமா?" என்று கேட்டார்கள். வழக்கம்போல காதர் பாய்க்குப் போன் போட்டேன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல், "பாய், இன்னைக்கு ஆளை எறக்கலாமா?" என்று கேட்டும் விட்டேன். கேட்டது அவருடைய தம்பியின் குரல்.

"அண்ணன் மவுத்தாயிட்டாரு தங்கச்சி. சுபுஹு தொழுதுட்டு வந்து டீ கேட்டாரு. டீ வாரதுக்குள்ள போயிட்டாரு."

விருந்தாளிகள் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இன்று வேண்டாம் என்றேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேத்துப்பாறைக்கு மேலே எங்கள் ஓடையை மறித்துக் கட்டிய சின்னக் குடிநீர் அணையில், ஷட்டரைத் திறந்து மூடுவதுதான் காதர் பாயின் வேலை. அவர் குடும்பத்தில் எல்லாரும் கொடைக்கானல் பஜாரில் கடைக்காரர்கள். "அண்ணன் தம்பியெல்லாம் வெள்ளனே கடை ஷட்டரைத் தூக்குறாங்க, நான் அணை ஷட்டரைத் தூக்குறேன். எல்லாம் ஒரே சோலிதான்" என்பார். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் காலையில் அணைவரை நடந்துபோய் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அவருக்குப் பின் வந்தவர் வாட்ஸ்அப்பில் தினமும் அளவு போடுகிறார். இருந்தாலும் நாங்கள் பாயைத்தான் கேட்போம்.

நான் பேத்துப்பாறையில் நான்கு அறைகள் கட்டி வெளியூர்க்காரர்களுக்கு விட்டு, சோறும் ஆக்கிப் போடுகிறவள். அறைக்குக் கீழே நூறடி இறங்கினால் ஓடை. ஓடையில் தண்ணீர் இருந்தால்தான் எனக்குப் பிழைப்பு. அதனாலேயே எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது.

ஒரு கோடையில் மழை பொய்த்து, ஆள் நீச்சலடிக்கிற கசமெல்லாம் கணுக்கால் அளவுக்கு வற்றிவிட்டது. வந்தவர்கள் பாறையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் நேராக அணைக்கே போய், "ரெண்டே ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் தெறந்து விடுங்க பாய். அளவுப் பலகையில பதினாறு அடி காட்டுதே!" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பலகை பதினாறுதான் சொல்லும். அதுல அஞ்சு அடி சேறு. உங்க விருந்தாளிக சேத்துலயா குளிப்பாங்க?" என்றவர், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மிச்சம் கெடக்குறது டவுன்ல உள்ள பிள்ளைக குடிக்கிற தண்ணி. அதுல கை வைக்கச் சொல்லாதீங்க தங்கச்சி." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரிய அணை, பெரிய அதிகாரி என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு இறங்கி வந்தேன். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து, தோப்புக்குப் பின்னால் ஊற்று உள்ள கசம் ஒன்று வற்றாமல் கிடக்கிறது, விருந்தாளிகளை அங்கே அழைத்துப் போகலாம் என்று சொன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் அந்தக் கோடையை எனக்கு அந்தக் கசம்தான் ஓட்டிக்கொடுத்தது.

அணையில் ஒரு சைரன் உண்டு. அது ஊதி நான் கேட்டதில்லை. ரிப்பேர் செய்ய எழுதிப் போட்டிருக்கிறது, ஆள் வரும் என்பார்கள். அதனால் ஷட்டரைத் திறக்கும் முன் ஓடைக்கரையில் இருக்கும் ஐந்து பேருக்குப் பாய் போன் செய்வார். டீக்கடைக்காரர், பூண்டுத் தோட்டக்காரர்கள் இருவர், கீழே பாலத்தருகே ஒருவர், நான். ஆள் இல்லை என்று நாங்கள் வாயால் சொன்னால் அவருக்குப் போதாது. "சத்தத்தக் கேக்க விடுங்க" என்பார். போனை ஓடைப் பக்கம் நீட்டிப் பிடிக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் நாங்கள் நிஜமாகவே இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறோம் என்று நம்புவார். எங்கள் எல்லாருக்கும் இது பெரிய கேலி. டீக்கடைக்காரர், "பாய்க்குப் பாட்டுக் கேக்கணுமாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். மனுஷன் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறாரே என்று நானும் புலம்பியிருக்கிறேன்.

இனி சொல்லப் போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மதியம். மேலே மலையில் மழை கொட்டித் தீர்க்கிறது, எங்கள் ஊரில் வெயில் அடிக்கிறது. ஒரு வேன் நிறைய ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கையில் அப்பளக் கரண்டி, இன்னொரு கையில் போன். பாய்தான்.

"அணை வெரசா ஏறுது தங்கச்சி. தெறந்தாகணும். ஓடையில ஆளு இருக்கா?"

"யாரும் இல்ல பாய்."

காலையில் இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் அறைக் குடும்பம் டவுனில் படகு ஓட்டப் போவதாகச் சொல்லியிருந்தது. புளியோதரை கட்டிக் கொடுத்ததே நான்தான்.

"சத்தத்தக் கேக்க விடுங்க."

எண்ணெய் காய்கிறது. நூறடி இறங்கி ஏற யாரால் முடியும்? கொல்லைப்புறம் போய்ப் பாத்திரம் கழுவுகிற குழாயை முழுக்கத் திறந்து, போனை அதன் பக்கத்தில் பிடித்தேன். நல்ல சத்தம்தான். எனக்கே திருப்தியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "தங்கச்சி, அது குழாய்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அடுப்ப அணைச்சிட்டுக் கீழ போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

குட்டு வெளிப்பட்ட வெட்கத்தில் அவரைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். ஓடை நடுவில், பெரிய பாறையின் மேல், மூன்றாம் அறைக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. கணவன், மனைவி, அவனுடைய அம்மா. நடுவில் நான் கட்டிக் கொடுத்த பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா, "வாங்க, சாப்பிடலாம்" என்று கையைக் காட்டினார்கள்.

"தண்ணி வருது, ஏறுங்க! அம்மாவப் பிடிச்சுக் கூட்டியாங்க!" என்று கத்தினேன். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவித்தான் வர முடிந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவர்கள் கையைப் பிடித்தேன். போன் என் ரவிக்கைக்குள் இருந்தது. கரையேறியதும் எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க பாய்."

"அந்த அம்மா?"

"அவங்களும் ஏறிட்டாங்க."

"மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் தெறக்கிறேன்."

கால்மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. பாறை இருந்த இடமே தெரியவில்லை. அந்தக் குடும்பம் அதைப் போனில் படம் பிடித்தது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அன்று அந்த வேன்காரர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அவர்களைக் கரையேற்றிய அந்த அரை மணி நேரமும் மேலதிகாரி இன்னொரு போனில் "திற, திற" என்று கத்தியிருக்கிறார். பாய் திறக்கவில்லை. தண்ணீர் கரைமேல் வழிந்து பக்கச் சுவர் ஒன்று சரிந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சேதி தெரிந்ததும் நான் அணைக்குப் போனேன்.

"நான் வந்து நடந்ததச் சொல்றேன் பாய். தப்பு என்னோடது."

"சொன்னா? நாளைக்கு உங்க ரூமுக்கு எவன் வருவான்? எனக்கு இது ஒரு பேப்பரு. உங்களுக்கு அது சோறு."

"என்ன எழுதிக் கொடுத்தீங்க?"

"ஓடையில ஆளு இல்லன்னு உறுதியாகல, அதனால தெறக்கலன்னு எழுதினேன். அதுல பொய் ஏதும் இருக்கா?" என்றவர், "டீ குடிக்கிறீங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். நானும் குடித்தேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேலிக்குக்கூடக் குழாய் என்று சொன்னதில்லை.

போன வாரம் அவருடன் வேலை பார்த்தவர்கள் டவுனில் ஒரு கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நல்ல மனதோடுதான் பேசினார். "தங்கமான மனுஷன். அத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரே ஒரு நாள் அசந்துட்டாரு. ஃபைல்ல ஏறுன அந்தக் குறிப்பு மட்டும் இல்லன்னா புரமோஷன்ல போயிருப்பாரு" என்றார். எல்லாரும் 'த்சொ' கொட்டினீர்கள். எனக்குப் பதவி உயர்வு விஷயம் அன்றுதான் தெரியும். மூன்றாவது வரிசையில் அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து பேச எனக்கு வாய் வரவில்லை.

காதர் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். புதிதாக வந்தவர் போன் செய்து "ஆள் இருக்காங்களாக்கா?" என்று கேட்டால், இரு, பார்த்துச் சொல்கிறேன் என்று இறங்கிப் போகிறேன். அவர் சத்தமெல்லாம் கேட்பதில்லை. நான்தான் போனை ஓடைப் பக்கம் நீட்டுகிறேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

அந்த அதிகாரிக்கும், கூட்டத்தில் தலையாட்டிய உங்களுக்கும், முக்கியமாக அவருடைய மனைவிக்கும் இதை எழுதுகிறேன். என் அறைகளுக்கு இனி யாரும் வராமல் போனாலும் போகட்டும். அன்று அசந்தது காதர் பாய் இல்லை. ஓடையைப் பார்க்காமலே ஆள் இல்லை என்று சொன்னவள் நான்.