இரண்டாவது வரி

மாதனூரில் எங்கள் கம்பெனி பஸ் ஏறும் அவர், ஷூவுக்குப் பசை தடவுகிறவர். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. ஷூத் தோலில் கோடு போடும் வெள்ளி மைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதியதை என் பக்கத்து சீட்டில் முணுமுணுத்துக்கொண்டே வருவார். கம்பெனிக்கு மொத்தமாக ஷூ வாங்க வரும் வெளிநாட்டுக்காரருக்குப் பூங்கொத்து கொடுக்கப்போவது அவர்தான். ‘இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்’ என்று ஆபீஸிலிருந்து நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

“மேடம், பசை நெடியில எங்களுக்கு மூச்சு வுட கஷ்டமா கீதுன்றத இதே மாதிரி இன்னான்னு சொல்லணும்?”

“இட் இஸ் ஹார்ட் ஃபார் அஸ் டு ப்ரீத்,” என்றேன் யோசிக்காமல். வாரம் முழுக்க இரண்டையும் முணுமுணுத்தார்.

வெளிநாட்டுக்காரர் வந்த அன்று பூங்கொத்தைக் கொடுத்து முதல் வரியைச் சொன்னார். வந்தவர் சிரித்தார். இவர் அடுத்த வரிக்கு வாய் திறந்து என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் மேனேஜர். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

இன்றும் பஸ்ஸில் அவர் உதடு அசைகிறது. நான் முன் சீட்டுக்கு மாறிவிட்டேன்.