கோர்வைக்கு ஒரு வெளியாள்

லோகாம்பாள் மாசியில் இறந்தாள். பிள்ளையார்பாளையத்துச் சுவர்களில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘கலியாணசுந்தரத்தின் துணைவியார்’ என்று அச்சாகியிருந்தது. அவர்களுக்கு விவாகரத்தாகிப் பல வருடம். அச்சகத்துக்குப் போய் வாசகத்தைச் சொன்னவர் கலியாணசுந்தரமேதான். மகள் இளவரசி அதை நின்று படித்தாள். திருத்தச் சொல்லவில்லை. அந்த விவாகரத்து வாங்க லோகாம்பாள் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு போஸ்டரைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும். அவளுக்கும் வந்திருக்கும்.

அவள் கோர்வைக்கு உட்காருகிறவள். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்துச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதுதான் கோர்வை. ஒருவரால் ஆகாது. தறிக்குழியில் கால் வைத்து நெய்ய ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைப் போட்டு வாங்க இன்னொருவர். நெய்பவர் பெயர் கலியாணசுந்தரம். சங்கத்திலும் கடையிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் தேவைப்பட்டதில்லை. கல்யாணமான மறுவாரம் லோகாம்பாள் அங்கே உட்கார்ந்தாள்.

கலியாணசுந்தரம் குடிக்க மாட்டார். பிரதோஷம் தவறாமல் ஏகாம்பரநாதரைப் பார்ப்பார். கைதான் நீளும். நாடா தவறினால் அடி. குழம்பில் உப்பு கூடினால் அடி. எதுவும் தவறாத நாளில், “இன்னா மொறைக்கிற?” என்று அடி. ஒருமுறை விழுந்த அறையில் அவளுக்கு இடது காது கேட்காமல் போனது. சில நாள் கழித்துக் கேட்க ஆரம்பித்தது. முதலில் கேட்டது அவருடைய குரல். அன்றைக்கே துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“நீ போ. பாப்பா எங்கியும் வராது” என்றார் அவர்.

இளவரசி அப்போது ஒன்பதாவது படித்தாள். மகளை அவர் பிடித்து வைத்தது பாசத்தால் என்று தெரு சொன்னது. பாசமும் இருந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை லோகாம்பாள் மட்டும்தான் கேட்டாள். “நீ இல்லன்னா தறி நின்னுடும்னு பாக்கிறியா? பாப்பா உட்காரும்.”

இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தறிக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவரும் குழியில் கால் வைத்தார். பாதிப் புடவை தறியில் இருந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தாள். “போடு”, “வாங்கு” இரண்டைத் தவிர அவர்களுக்குள் பேச்சில்லை. மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதை நாடாவைப் பிடித்தபடியே ஓரக்கண்ணால் பார்த்துவிடுவாள். அதைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று தெரு சொன்னது.

பிரிந்துபோன பிறகு அவர் அவளை ஒருநாளும் அடிக்கவில்லை. வெளியாள்மேல் கைவைப்பது தப்பு என்று அவருக்குத் தெரியும்.

இலவச சட்ட உதவி என்ற பலகையை லோகாம்பாள் நீதிமன்ற வாசலில் பார்த்தாள். இலவசம் என்றால் ரேஷன் அரிசி மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள். அவளுக்குக் கிடைத்த வக்கீல் சுகாசினி, வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். கேள்வி மட்டும் பெரியதாகக் கேட்டாள்.

“பிரிஞ்சி ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சில்ல?”

“ஆச்சிம்மா.”

“நடுவுல அந்த வீட்டுக்குப் போனீங்களா?”

“வீட்டுக்குப் போகல. தறிக்குப் போறேன்.”

“தறி எங்க இருக்குது?”

“வீட்டுலதான்.”

சுகாசினி பேனாவை மூடினாள். “தெனமுமா? அக்கா, தெனம் பக்கத்துல உட்காந்துக்கினு பிரிஞ்சி வாழறோம்னா யாரு நம்புவா? இத நீங்களா கோர்ட்டுல சொல்லாதீங்க.”

“பொய் சொல்லச் சொல்றியாம்மா?”

“வேணாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

“கேட்டுட்டா?”

“தறியப் பத்தி ஜட்ஜு எதுக்குக்கா கேக்கப் போறாங்க?”

கலியாணசுந்தரமும் ஒரு வக்கீல் வைத்துக்கொண்டார். விவாகரத்துக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. மகளைத்தான் விட முடியாது என்றார். அவளுக்குச் சொந்தத் தறி இல்லை, வீடு இல்லை, பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவாள் என்று அவருடைய வக்கீல் எழுதினார். எழுதியது எல்லாம் உண்மை.

விசாரணை நாள் வந்தது. நீதிபதி தெற்கத்திப் பக்கத்து அம்மா. இந்த மாதிரி வழக்கில் எல்லோரையும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“கடைசியா நீங்க ரெண்டு பேரும் எப்பம்மா சேர்ந்தீங்க?”

சேர்ப்பது என்றால் லோகாம்பாளுக்கு இத்தனை வருடமாக ஒரே அர்த்தம். கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

“இன்னிக்குக் காலையிலகூட சேத்தோம்மா.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். நீதிபதி நம்பவில்லையோ என்று நினைத்து லோகாம்பாள் விவரம் சொன்னாள்.

“நாலு விரக்கடை இருக்கும்மா. கோர்ட்டுக்கு நேரமாச்சின்னு நிறுத்திட்டோம்.”

அதற்குப் பிறகு வக்கீல்களை அடக்க முடியவில்லை. நீதிபதியே வழக்குக் கட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். சுகாசினி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கலியாணசுந்தரத்துக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. கூப்பிடாமலே எழுந்தார்.

“ஐயோ, அது இல்லீங்கம்மா! கோர்வைங்க. தறியில சேக்கிறது.” இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டினார். “ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் இப்டி கோத்துக்கினே வரணும். ரெண்டு ஆளு வேணும்ங்க.”

“ஒருத்தரா நெய்ய முடியாதா?”

“முடியவே முடியாதுங்க.”

“அப்ப இவங்க போயிட்டா யாரு உட்காருவா?”

அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆனால் கலியாணசுந்தரத்தின் தொழிலைப் பற்றி இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை.

“அதுக்கின்னாங்கம்மா, பாப்பா இருக்குதே. விரலு நல்ல நீட்டு. இந்த வருஷத்தோட படிப்ப நிறுத்திட்டா ஆறு மாசத்துல கை வந்துடும்.”

நீதிபதியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. லோகாம்பாள் பக்கம் திரும்பினார்.

“பிரிஞ்ச பிறகும் நீங்க ஏம்மா தினம் அங்க போறீங்க?”

சொல்லலாமா என்று லோகாம்பாள் சுகாசினியைப் பார்த்தாள். சுகாசினி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“நான் உட்காந்துக்கினு இருந்தா, பாப்பா உட்கார எடம் இல்லம்மா.”

பிறகு மகளைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். யாரோடு இருக்க வேண்டும் என்றதற்கு, “மத்தியானம் கணக்கு டெஸ்ட் இருக்குது மேடம், எப்ப விடுவீங்க?” என்றாளாம். பதிலாக அதையே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

மகள் தாயிடம். ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வந்து பார்க்கலாம். மகளுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் அவர் கட்ட வேண்டும். விவாகரத்துக்கு இன்னும் ஆறு மாதம் கழித்து வர வேண்டும். ஆங்கிலத்தில் இருந்த உத்தரவை சுகாசினி வராந்தாவில் தமிழில் சொன்னாள்: “ரெண்டு பேரும் பிரிஞ்சிதான் வாழறாங்கன்னு கோர்ட் நம்புது. தறியில தவிர.”

கலியாணசுந்தரம் தூணோரம் நின்றிருந்தார். சுகாசினியிடம் பேசுவதுபோல் லோகாம்பாளிடம் பேசினார்.

“மாசாமாசம்னா நான் எங்கம்மா போவேன்? தறியிலருந்து பொடவ எறங்கினாத்தான் காசு. பொடவ எறங்க ஆளு வேணும்.”

லோகாம்பாள் சுகாசினியைப் பார்த்தாள். சுகாசினி கும்பிட்டாள். “அக்கா, என்ன ஒண்ணும் கேக்காதீங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்.”

மறுநாள் காலை மகள் இரண்டு தெரு தள்ளியிருந்த அறையிலிருந்து பள்ளிக்கூடம் போனாள். லோகாம்பாள் கதவைப் பூட்டிக்கொண்டு தறிக்குப் போனாள். அவர் கட்ட வேண்டிய ஜீவனாம்சத்தில் பாதியை அவள்தான் நெய்தாக வேண்டும். அது அவளுக்குப் புரிந்திருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தாள்.

“போடு” என்றார் அவர்.

அவள் போடவில்லை.

“இன்னா?”

“போடுங்கன்னு சொல்லுங்க. நான் கூலிக்கு வந்த வெளியாளு.”

அவர் தெருவைப் பார்த்தார். தறியில் விரிந்திருந்த பாவு நூலைப் பார்த்தார். மகள் வழக்கமாக சைக்கிளைச் சாய்த்து வைக்கிற சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

“போடுங்க” என்றார்.

போட்டாள்.