இன்னொருவர் கையிலிருந்த கேமரா

மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், நானும் என் மனைவியும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் வரிசையில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அது பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டிக் கேமரா. கெட்டி அட்டை, மேலே தோல் மாதிரி ஒரு கருப்புத் துணி ஒட்டியிருக்கும். வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலேயுள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும். வேர்வைக் கையில் வழுக்கும். விசையைத் தட்டினால் பெட்டியே ஒரு முறை குலுங்கும். படத்தில் எல்லோருடைய முகமும் குளத்துத் தண்ணீரில் தெரிவது போலக் கலங்கியிருக்கும். இருந்தாலும் அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை, என் எதிர் மேசைக்காரர் தன் கேமராவைக் கொண்டுவரும் வரை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே கணக்குப் பிரிவில் என்னோடு வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மேசையில் வைத்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கினாராம். ஜெர்மன் சாமான்.

“இந்தாரும், ஒருக்காப் பிடிச்சுப் பாரும்” என்றார்.

பிடித்தேன். இரண்டு பக்கமும் உருண்டு, ஆற்றில் கிடந்த கூழாங்கல் மாதிரி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அளவில் சின்னதுதான், ஆனால் கனம் இருந்தது. இரும்பு முதலில் சில்லென்றிருந்து, கொஞ்ச நேரத்தில் என் கைச்சூட்டை வாங்கிக்கொண்டது. பிலிம் சுற்றும் திருகில் மெல்லிய வரிகள். கட்டைவிரல் வைத்ததும் அது தானே திரும்புவது போலிருந்தது. ஆள்காட்டி விரல் எங்கே போக வேண்டுமோ அங்கேயே விசை இருந்தது. அழுத்தினால் யாரோ நாக்கைச் சொடுக்கியது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

பொறாமை நெஞ்சில் வரும் என்பார்கள். எனக்கு விரல்களில் வந்தது. திருப்பிக் கொடுத்த பிறகு கை காலியாக இருப்பது தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். செருப்புக் கடையில் கொடுக்கும் அட்டைப் பெட்டி மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். ஆற்றங்கரை பாசாரில், அந்தச் சந்தை நெரிசலில், வெயில் தாங்கவில்லை. என் மனைவி, இளநீர் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாளிடம் போனாள். தேங்காய்க்கு மலாயில் கெலாப்பா; தலைக்குக் கெப்பாலா. இவள் அவசரத்தில் மாற்றி, “கெப்பாலா மூடா” என்று கேட்டுவிட்டாள். இளந்தலை வேண்டும் என்று அர்த்தம். அந்த அம்மாள் தன் தலையை இரண்டு கையாலும் தடவி, “இதுவா? இது கிழடாச்சே!” என்று மலாயில் கேட்க, இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பெட்டியை வயிற்றில் பொருத்திக் கண்ணாடியில் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிர் மேசைக்காரர் கையைக் கண்ணருகே கொண்டுபோனதும் தெரியவில்லை, இறக்கியதும் தெரியவில்லை.

படம் கழுவி வந்தது. என் மனைவி அப்படிச் சிரித்து நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. நான் எடுத்த படங்களிலெல்லாம் அவள் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்தவள் போலிருப்பாள். அவர் அந்தப் படத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டார். “ரொம்ப நல்லாருக்கு அண்ணே” என்று அவள் வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தாள். தினம் தலை வாரும்போது நானும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. என் வீட்டுச் சிரிப்பு, இன்னொருவர் விரல் அழுத்தி எடுத்தது. அவர்மேல் எனக்குச் சந்தேகம் ஒன்றும் கிடையாது, தங்கமான மனிதர். அதனால் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் கொடுக்கிறீங்களா?”

“அதுக்கென்ன, கொண்டு போமன்” என்றார். யோசிக்கவே இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் பிரிக்பீல்ட்ஸில் சுற்றினேன். மரத்தடியில் சவரம் செய்துகொண்டிருந்தவர், சூளையிலிருந்து செங்கல் ஏற்றி வந்த மாட்டு வண்டி, கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்கள், எல்லாவற்றையும் எடுத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் எடுப்பது இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்து, அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கொல்லைப்புறத்தில் நிற்க வைத்தேன்.

“சிரி.”

“சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“கிள்ளான்ல சிரிச்ச மாதிரி.”

“அன்னிக்கு அண்ணன் படம் எடுத்ததே எனக்குத் தெரியாதுங்க. நீங்க என்னமோ அடிக்க வர்ற மாதிரி நிக்கிறீங்க. எப்படிச் சிரிப்பு வரும்?”

எரிச்சலில் ஒரு படத்தைத் தட்டிவிட்டு, “அப்ப நீயே எடு” என்று கேமராவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “ஐயோ, அது வேணாம். கீழ போட்டா யாரு பதில் சொல்றது? உங்க பெட்டியில எடுக்கிறேன்” என்று உள்ளே போய் அதை எடுத்து வந்தாள். குடம் வைக்கிற மாதிரி பெட்டியை இடுப்பில் வைத்தாள். முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. மூச்சைப் பிடித்தாள். தட்டினாள். பெட்டி இம்மியும் அசையவில்லை.

பெட்டாலிங் தெருச் சீனர் கடையிலிருந்து வந்த படங்களில், மனைவியை நான் எடுத்தது வழக்கம் போலவே விறைப்பாக இருந்தது. அவள் எடுத்ததில் என் மீசை மயிர் வரை தெளிவு. அதில் நான் கடன் வாங்கிய கேமராவை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எதிர் மேசைக்காரர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். கூட வேலை பார்க்கிறவர்களை அவர் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார். “ஐசே, என்ர கேமராவை ஆரோ பறிக்க வாற மாதிரியெல்லோ அணைச்சுக்கொண்டு நிக்கிறீர்!” பிறகு அவளிடம், “தங்கச்சி, அந்தப் பெட்டியில எப்பிடி ஆடாமல் எடுத்தனீங்கள்?” என்று கேட்டார்.

“அது பாட்டுக்கு இடுப்புல ஒக்காந்துக்குச்சு அண்ணே.”

அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸ் பெண்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அவளிடம் கூட்டி வர ஆரம்பித்தார்கள். நான் வெயில் மறைக்கக் குடை பிடித்து நின்றேன். “கொஞ்சம் தள்ளுங்க, உங்க நிழல் விழுது” என்பாள். என் சொந்தப் பெட்டி, என் சொந்த மனைவி; இப்போது அவர்கள் இரண்டு பேர்மேலும் எனக்குப் பொறாமை.

மறு வருஷம் எதிர் மேசைக்காரருக்கு ஈப்போவுக்கு மாற்றலாயிற்று. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். போகிற மனிதர் கேமராவை எனக்கே விற்றுவிடுவார் என்று ஒரு ஆசை. பெட்டிகளை ஏற்றினேன், தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், வானிலையைப் பற்றிப் பேசினேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “சிரியும் ஐசே!” என்று என்னை ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் என் கைக்கு வரவேயில்லை. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள், கிள்ளான் அடகுக் கடைக் கண்ணாடிக்குள் அதே மாதிரிக் கேமரா ஒன்றைப் பார்த்தேன். கொஞ்சம் தேய்ந்தது, ஆனால் கையில் அதே கனம். வாங்கிவிட்டேன். வேலைக்குப் போனாலும் பையில் இருக்கும். படம் எடுக்காத நாளிலும் விரல் அதைத் தடவிக்கொண்டே இருக்கும். “சாப்பிடும்போதாவது கீழ வைங்க” என்பாள் மனைவி. அலுவலகத்தில் யாராவது ஒரு தடவை பிடித்துப் பார்க்கக் கேட்டால் கொடுப்பேன், பக்கத்திலேயே நின்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதற்கும் யாருக்கும் கொடுத்ததில்லை.