பெர்னி ஆன்ட்டியின் அளவு தப்பிய மட்டை

பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, கோல்ஃப் மட்டையின் முகத்தில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையால் சீராகப் பரப்பிக்கொண்டிருக்கிறார் பெர்னி ஆன்ட்டி. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை அக்கறையாக யாரும் பவுடர் பூசியிருக்க மாட்டார்கள். "இப்ப அடிங்க சார், பந்து எங்க முட்டுதுன்னு பாக்கலாம்" என்று மட்டையை நீட்டுகிறார். மல்லேஸ்வரத்திலிருந்து வந்திருக்கும் வெங்கடராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசுகிறார். பந்து வலையில் மோதி விழுகிறது. பவுடர் அழிந்த வட்டம் மட்டையின் நடுவில் இல்லை, நுனியில் ஒதுங்கியிருக்கிறது. ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே பார்க்கிறார். "நடுவுல பஸ்ஸே காலியா இருக்குது. நீங்க ஏன் சார் ஃபுட்போர்டுல தொங்குறீங்க?"

ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்குக் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. ஷெட்டுக்குள் இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ், சூடு ஊதும் ஒரு துப்பாக்கி, கம்பு கம்பாகச் சாய்த்து வைத்த மட்டைத் தண்டுகள், பின்சுவரை மறைத்துக் கட்டிய பழைய கிரிக்கெட் வலை. முழுப்பெயர் பெர்னதெத். அதைப் பக்கத்து வீட்டு ரத்தினம்மாளும் கரண்ட் ரீடிங் எடுக்க வருபவரும் மட்டும்தான் சொல்வார்கள்.

கடையில் விற்கிற கோல்ஃப் மட்டை ரெடிமேட் பேண்ட் மாதிரி. இடுப்பு சரியாக இருந்தால் கால் தரையைப் பெருக்கும், கால் சரியாக இருந்தால் மூச்சு விட முடியாது. அதை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றித் தருவதுதான் ஆன்ட்டியின் தொழில். மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடிப்பார். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, ஜோசியக்காரி மாதிரி முறைத்துப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பந்தை அடிக்கவிட்டு, அடிப்பவரின் இடுப்பையும் தோளையும் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஷாஃப்ட் என்கிற தண்டை வெட்டுவார், அல்லது வேறு தண்டு மாட்டுவார். மட்டையின் தலையை வைஸில் பூட்டிக் கோணத்தைத் திருத்துவார். கைப்பிடி ரப்பரை உரித்துப் புதிது ஏற்றுவார். வேலை நடக்கும்போது ஒட்டுவதற்குக் கிழித்த டேப் துண்டுகளை முன்னங்கையில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வது பழக்கம். சில நாள் அதை மறந்துவிட்டு அப்படியே சர்ச்சில் சாயங்காலப் பூசைக்குப் போய்விடுவார். ஏதோ அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறது என்று நினைத்து ஜனங்கள் அவருக்கு உட்கார இடம் கொடுப்பார்கள். அவரும் உட்கார்ந்துகொள்வார்.

தொழில் தெரிந்தவர்தான். அதற்காகத் தப்பே நடக்காது என்று யாரும் நம்பி ஏமாறக் கூடாது. ஒரு ஜூலை மாதம், விடாத மழையில், தலையை ஒட்டிய பசை சரியாகக் காயவில்லை. அவசரப்பட்ட ஒருவர் வாங்கிய வேகத்தில் ஷெட் வாசலிலேயே வீசிப் பார்த்தார். தண்டு கையிலேயே நின்றது. தலை மட்டும் மதில் சுவருக்கு மேலே பறந்து, ரத்தினம்மாள் வீட்டு மாடியில் மூடி திறந்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. "குண்டு போட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கினு கட்டிலுக்கு அடியில பூந்துட்டேன்மா" என்று ரத்தினம்மாள் இன்றைக்கும் சொல்வார். அதற்கப்புறம் மழைக்காலத்தில் பெர்னி ஆன்ட்டி மட்டைகளை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், அடுப்புச் சூட்டில்தான் காய வைக்கிறார்.

அவருக்கு இன்னொரு வினோதம் உண்டு. பொய் சொல்ல மாட்டார். சொன்னால் சனிக்கிழமை ஃபாதரிடம் போய் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அங்கே க்யூ பெரிது. ஆனால் இந்தத் தொழிலில் பொய் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். ஏனென்றால் ஒவ்வொரு ஷாஃப்டிலும் ஒரு எழுத்து அச்சடித்திருக்கும். எஸ் என்றால் விறைப்பான தண்டு, வேகமாக வீசுகிறவர்களுக்கு. ஆர் என்றால் சாதாரணம். ஏ என்றால் வயதானவர்களுக்கு. எல் என்றால் லேடீஸ். ஐம்பத்தைந்து வயதில் தொப்பையோடு வருகிற எந்த ஆம்பளையும் எஸ்ஸுக்குக் கீழே இறங்க மாட்டான். ஆர் போடலாம் என்றால் ஆண்மைக்கே ஆபத்து வந்த மாதிரி பார்ப்பான். ஆன்ட்டி என்ன செய்வார் என்றால், ஆளுக்கு எது ஒத்து வருமோ அந்தத் தண்டை எடுத்து, தின்னரில் துணியை நனைத்து, எழுத்தைத் துடைத்துவிட்டுத்தான் மாட்டுவார். "பேரே இல்லாத தண்டுக்கு நான் என்னத்தப் பொய் சொல்றது?" என்பார். வாங்கிப் போனவர்கள் பந்து பறக்கிறது என்று அடுத்த வாரம் ஸ்வீட் பாக்கெட்டோடு வருவார்கள்.

இந்த எழுத்து துடைக்கிற வேலையை இரண்டு வருஷமாகச் செய்து வந்தவர் அவருடைய கணவர் டென்சில் அங்கிள். தொழிற்சாலை ஃபோர்மேன், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். ஆறடி உயரம். சின்ன வயதில் கோல்ஃப் மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப் பையைத் தூக்கித் தூக்கியே ஆட்டம் கற்றவர். பெர்னி ஆன்ட்டி அப்போது ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தாராம். கோல்ஃப் ஆடுகிறவர், ஷட்டில் கோர்ட் பக்கமே போகாதவர், வாரா வாரம் வந்து இறகுப் பந்து வாங்கிப் போனாராம். வீட்டுப் பரணில் அந்த டப்பாக்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரு வருஷம் பொங்கலுக்குப் பிறகு டென்சில் அங்கிளுக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. தோள் சரியாகிவிட்டது, வீச்சுதான் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தொழிற்சாலை நண்பர் நாணுவோடு ஆடும் மைதானத்தில் ஒரு குளம் உண்டு. முன்பெல்லாம் அதைப் பேசிக்கொண்டே தாண்டுவார். இப்போது ஒவ்வொரு வாரமும் பந்து தண்ணீருக்குள் போனது. "குளத்துல மீனுக்குப் பொரி போடுறியா குரு?" என்று நாணு கேட்டார். அங்கிள் சிரிக்கவில்லை. மட்டைகளைத் துடைத்துப் பையில் வைத்து, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "போதும் பெர்னி. இந்த மாசத்தோட எல்லாத்தையும் வித்துடு."

ஆன்ட்டி நேராகவே கேட்டுப் பார்த்தார். "தண்ட மாத்தித் தரேங்க. கொஞ்சம் வளையுற மாதிரி போட்டா பந்து தானா எழும்பும்."

"எந்தத் தண்டு? ஏ போடுவியா?"

ஏ கூட விறைப்புதான், அந்தத் தோளுக்கு எல் போட்டால்தான் சரி என்று ஆன்ட்டிக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது?

"அதுக்குப் பதிலா ஒரு வீல்சேர் வாங்கிக் குடு. கையில மாலையும் குடு, வாசல்ல குந்திக்கினு செபம் சொல்றேன்."

எழுத்தைத் துடைத்துவிட்டு மாட்டலாம் என்றால், துடைக்கிறவரே அவர்தான். மொட்டைத் தண்டைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிடும். அடுத்த இரண்டு ஞாயிறும் அங்கிள் வீட்டிலேயே இருந்தார். சவரம் செய்யவில்லை. மீன் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் குழம்பைக் குறை சொல்லாமல் அவர் எழுந்ததே இல்லை.

மறுநாள் டிபன் தட்டை வைத்துக்கொண்டே அறிவித்தார். "நான் கோல்ஃப் ஆடக் கத்துக்கப் போறேன்."

அங்கிளுக்குப் புரையேறிவிட்டது. "நீயா? புல்லுல நடக்குறதுக்கு எதுக்குக் காசுன்னு கேட்டவ நீ!"

"இப்ப நடக்கணும் போல இருக்குது. லேடீஸ் மட்டையா ஒண்ணு செய்யப் போறேன். நீங்கதான் கத்துக் குடுக்கணும்."

அங்கிள் கறி வாங்க சிவாஜி நகர் போன ஒரு வெள்ளிக்கிழமை, ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு ஆன்ட்டி அந்த மட்டையைச் செய்தார். எல் என்று கொட்டை எழுத்தில் போட்ட ரோஸ் கலர்த் தண்டு. எழுத்தைத் துடைக்கவில்லை. நீளம் மட்டும், கட்டிலுக்கு அடியிலிருந்து அங்கிளின் பழைய மட்டையை இழுத்துப் பக்கத்தில் வைத்து, அதற்குச் சரியாக வெட்டினார். கைப்பிடியையும் அங்கிளின் பெரிய உள்ளங்கைக்குத் தகுந்தபடி தடிமனாக ஏற்றினார். பெர்னி ஆன்ட்டியின் உயரம் ஐந்தடி, அதுவும் கோயிலுக்குப் போகும் செருப்போடு சேர்த்து. ஊரில் யாருக்கும் தெரிந்தே தப்பான அளவில் மட்டை கொடுக்காதவர், முதல் தடவையாகக் கொடுத்தார், தனக்கே. முடித்துவிட்டு நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்தார்.

சனிக்கிழமை காலை, பந்து அடித்துப் பழகும் மைதானத்தில் நாணுவும் இருந்தார். ஆன்ட்டி கேன்வாஸ் ஷூ மாட்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். மட்டை அவர் தொப்புளில் இடித்தது. முதல் வீச்சில் பந்துக்குப் பின்னால், நிற்பதற்கு விரித்த பாயைக் கிழித்தார். இரண்டாவதில் பந்து அசையவேயில்லை, ஆன்ட்டிதான் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நாணுவைப் பார்த்து நின்றார். நாணு தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

டென்சில் அங்கிள் மட்டையை வாங்கி, ஆன்ட்டியின் பக்கத்தில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அடுத்தடுத்த பாயில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். "நாணு, இங்க பாருடா! ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவ! தனக்கு அளவெடுக்கத் தெரியல! இது உனக்கு மட்டை இல்ல பெர்னி, கொடிக்கம்பம்!"

"பெருசாத்தான் இருக்குது" என்றார் ஆன்ட்டி. அது உண்மைதான்.

"தள்ளு, எப்பிடி அடிக்கணும்னு காட்டுறேன்." அங்கிள் ஒரு பந்தை வைத்து வீசினார். பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போய், நூற்றைம்பது கஜம் என்று எழுதிய பலகைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அங்கிளின் சிரிப்பு நின்றது. மட்டையை ஒருமுறை பார்த்தார். இன்னொரு பந்தை வைத்தார். அப்புறம் இன்னொன்று. ஒரு கூடைப் பந்து தீர்ந்தது. நாணுவின் கூடையையும் இழுத்துக்கொண்டார். ஆன்ட்டி பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கால் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரோஸ் கலர் உனக்கு சூட் ஆகுது குரு" என்றார் நாணு. "எல்லுன்னு வேற போட்டிருக்கு."

"பொண்டாட்டி மட்டைடா. அவளுக்கு அளவு தப்பாப் போச்சு. தூக்கிப் போட முடியுமா? வேஸ்ட்டாயிடும்னு நான் வெச்சுக்கறேன்." இந்தப் பதிலில் நாணுவால் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ஆன்ட்டிக்கு நஷ்டமில்லை. டென்சில் அங்கிள் வாயில் ரகசியமே ஒரு மணி நேரம் தங்காது, இது ரகசியம்கூட இல்லை. பெண்டாட்டி தனக்கே அளவு தப்பிய விஷயத்தைக் கறிக்கடை, பேக்கரி, பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் சொன்னார். அந்த வருஷம்தான் மொபைலில் இன்கமிங் இலவசமாகியிருந்தது, கேட்கிறவர்களுக்கும் செலவில்லை. வெங்கடராமன் போன் செய்தார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்கோ. என்னோடத ஒரு தடவை திரும்ப அளந்துடலாமா?" "வாங்க சார், அளந்துட்டாப் போச்சு" என்று அத்தனை மட்டையையும் திரும்ப அளந்தார் ஆன்ட்டி. ஒன்றுகூட மாறவில்லை. முழு செட்டுக்குச் சொல்லி வைத்திருந்த இன்னொருவர் வரவேயில்லை. "சீசன் டல்லு பெர்னி" என்று ஆறுதல் சொன்னார் அங்கிள், புதிதாகச் சவரம் செய்த தாடையைத் தடவிக்கொண்டே.

ரத்தினம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "ஏம்மா பெர்னதெத்து, உனக்கே அளவெடுக்கத் தெரியலயாமே? உங்க வூட்டுக்காரு தெருவெல்லாம் சொல்லிக்கினு போறாரு."

"ஆமாக்கா, தெரியாமப் போச்சு."

இந்த விஷயம் முழுவதிலும் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். சனிக்கிழமை போய் க்யூவில் நின்று அதை ஃபாதரிடம் சொல்லிவிட்டார். என்ன தண்டனை கிடைத்ததோ தெரியாது. திரும்பும்போது காரா பன்னைக் கடித்துக்கொண்டே வந்ததைப் பார்த்தால், பெரிய பாவமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டென்சில் அங்கிள் மைதானத்திலிருந்து வந்தார். ஷூவைக் கழற்றாமல், சேறும் புல்லுமாக நேரே கூடத்துக்குள் நுழைந்தார். "குளத்தத் தாண்டிடுச்சு பெர்னி! சும்மா இல்ல, அங்க ஒரு கொக்கு நின்னுட்டிருந்துது, அது தலையத் தூக்கிப் பாக்குது! நாணு பந்து தண்ணிக்குள்ள, என்னுது அந்தாண்ட! குழம்பு வாசனை வருது, இன்னிக்காவது உப்பப் பாத்துப் போட்டியா? சரி அத வுடு, நான் எப்பிடி நின்னேன் தெரியுமா, இந்தக் கால இப்பிடி வெச்சு..." மூலையிலிருந்த குடையை உருவிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

பெர்னி ஆன்ட்டி சேற்றுத் தடத்தைப் பார்த்தார். டீப்பாயைக் காலால் சுவரோரம் தள்ளினார். ஃபேனை நிறுத்தினார். ஷோகேஸ் மேலிருந்த குழந்தை இயேசு சிலையைக் கிரீடத்தோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையலறை வாசல்வரை பின்வாங்கி நின்றார்.

"ம், இப்ப காமிங்க."